முனைவுத்தன்மைக்கு வித்தியாசம் மட்டும் போதாது
"பிணைந்த அணுக்களின் எலக்ட்ரான் கவர்தன்மை (பிணைப்பு எலக்ட்ரான்களைத் தம் பக்கம் இழுக்கும் திறன்) வித்தியாசம் 0.5-ஐத் தாண்டினால் அந்த மூலக்கூறு முனைவுள்ளது, அதாவது ஒரு பக்கம் சற்று நேர்மின்னும் மறுபக்கம் சற்று எதிர்மின்னும் கொண்டது" என்று ஒரு விதி சொல்வதுண்டு. அது பிணைப்புக்குத்தான் பொருந்தும். போரான் ட்ரைஃபுளூரைடில் வித்தியாசம் 1.94. ஆனால் மூன்று பிணைப்புகளும் ஒரே தளத்தில் 120 டிகிரியில் இருப்பதால் இழுப்புகள் சமனாகி, இருமுனை திருப்புத்திறன் (மூலக்கூறு மொத்தமாக எவ்வளவு முனைவுள்ளது என்பதன் அளவு) பூஜ்யம். நேர்கோட்டு வடிவமுள்ள கார்பன் டைஆக்சைடிலும் இழுப்புகள் இப்படியே சமனாகின்றன.

சரி, வடிவம் ஒன்றாகவே இருந்தால்? அப்போதும் இந்த விதி வழுக்குகிறது. அமோனியா, நைட்ரஜன் ட்ரைஃபுளூரைடு இரண்டும் பிரமிடு வடிவம்தான்; வித்தியாசம் முறையே 0.84, 0.94. திருப்புத்திறனோ அமோனியாவுக்கு 1.47 டிபை (அதை அளக்கும் அலகு), நைட்ரஜன் ட்ரைஃபுளூரைடுக்கு வெறும் 0.23 டிபை! ஃபுளூரின்கள் எலக்ட்ரான்களைத் தம் பக்கம் இழுக்க, நைட்ரஜனின் தனி இணை (பிணைப்பில் சேராத எலக்ட்ரான் ஜோடி) எதிர்ப்பக்கம் நின்று அதைக் குறைத்துவிடுகிறது. அமோனியாவில் பிணைப்புகளின் இழுப்பும் தனி இணையும் ஒரே திசை.

அப்புறம் ஓசோன்: மூன்றும் ஆக்சிஜன், வித்தியாசமே இல்லை, ஆனாலும் முனைவுள்ளது.