மோனோபொலி டீலில் மீதி கிடையாது

ஞாயிற்றுக்கிழமை மோனோபொலி டீல் சீட்டாட்டத்தில் என்ன நடந்ததுன்னு இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். சின்னப் பையன் பர்த்டே கார்டு இறக்கினான்; இறக்கினவருக்கு மத்தவங்க ஆளுக்கு 2 மில்லியன் கொடுக்கணும். ஒருத்தர் பேங்கில், அதாவது அவர் முன்னாடி இருக்கற பணக் குவியலில், ஒண்ணுமே இல்லை; கருநீலச் சொத்துக் கார்டு ரெண்டும் சேர்ந்த செட் மட்டும். அதில் ஒண்ணைக் கொடுத்துட்டு, "இது 4 மில்லியன், மீதி 2 கொடு"ன்னார். பையன் மறுத்தான். உடனே அவனுக்கு ‘அழுகுணி’ன்னு பட்டம். எனக்கு ஆறவே இல்லை. அவன் ஆடினதுதான் சரியான ஆட்டம்.

மீதி கிடையாது. போர்டு மோனோபொலியில் பேங்கர் இருக்கார், சில்லறை தருவார். 2008-ல் வந்த இந்தக் கார்டு ஆட்டத்தில் பேங்கரே இல்லை. 2 மில்லியன் கடனுக்கு உங்ககிட்ட 10 மில்லியன் நோட்டு மட்டும் இருந்தா, முழுசும் போச்சு.

இதை எடுத்துட்டா ஆட்டத்தில் என்ன மிச்சம்? ஒவ்வொரு முறையும் 2 கார்டு எடுக்கறோம், அதிகபட்சம் 3 இறக்கலாம். அந்த மூணில் ஒண்ணை பேங்குக்குச் செலவழிக்கலாமா, செட்டுக்கா என்பதுதான் முழு யோசனையும். 1, 2 மில்லியன் நோட்டுகளை முதலிலேயே பேங்கில் போட்டிருந்தா கருநீலம் உடைஞ்சிருக்காது. நோட்டு வரலையா, கூடுதலா 2 கார்டு எடுக்க விடற பாஸ் கோ கார்டு பத்து இருக்கு, ஒண்ணை 1 மில்லியனா பேங்கில் போடலாம். ஆனா அப்புறம் அது வெறும் பணம்தான், கைக்குத் திரும்பாது. செட் முழுசா இருந்தா வாடகை 8 மில்லியன், ஒண்ணு போனா 3. அவர் இழந்தது அதுதான், கோபம் புரியுது. அதுக்குப் பையன் என்ன பண்ணுவான்?

"குடும்ப ஆட்டம்தானே, விட்டுக்கொடுக்கக் கூடாதா?"ன்னு கேட்பீங்க. விட்டுக்கொடுங்க. ஆனா ஏன் எப்பவும் சின்னவங்களே விட்டுக்கொடுக்கணும்? "எங்க வீட்டு விதி வேற"ன்னா, 5 கார்டு பங்கு போடறதுக்கு முன்னாடி சொல்லணும். தோற்கும்போது ஞாபகம் வர்றது விதி இல்லை.

இன்னொண்ணும் அன்னைக்கு நடந்தது, யாரும் கண்டுக்கலை. கையில் இருந்த நோட்டை எடுத்து வாடகை கட்டினாங்க. கூடாது. மேசையில் இறக்கினதில் இருந்துதான் கட்டணும். மேசையில் ஒண்ணுமே இல்லைன்னா கடனே இல்லை. எதைக் கொடுக்கறதுன்னு தீர்மானிக்கறது கொடுக்கிறவர்தான், வாங்கறவர் இல்லை. எந்த நிறச் சொத்தாவும் வச்சுக்கக்கூடிய, எல்லா நிறமும் உள்ள வைல்டு கார்டுக்கு மதிப்பே கிடையாது, அதைக் கடனுக்குக் கொடுக்க முடியாது. கடனுக்கு வந்த சொத்து பேங்குக்குப் போகாது, வாங்கினவர் சொத்து வரிசையில்தான் சேரும். பையன் அதையும் சரியாத்தான் செஞ்சான்.

கையிலிருந்து வரக்கூடிய ஒரே பதில், அடுத்தவர் இறக்கினதை ரத்து செய்யற ஜஸ்ட் சே நோ கார்டு. சீட்டுக்கட்டுல மொத்தமே மூணு. பர்த்டேக்கு அதைச் செலவழிச்சா, அப்புறம் டீல் பிரேக்கர் வந்து முழு செட்டையும் தூக்கிட்டுப் போகும்போது கை காலி. அதனாலதான் சொல்றேன், பேங்கில் சில்லறை போட்டு வைங்க.