“ஒண்ணும் பண்ணாதுங்க, சும்மா உள்ள வாங்க!”

புதுச்சேரி லாஸ்பேட்டையிலேருந்து கடலூர் மஞ்சக்குப்பம் வரைக்கும் எந்தத் தெருவுல வேணும்னாலும் நாய் இருக்குற வீட்டு கேட்டைத் தட்டிப் பாருங்க. முதல்ல குரைப்பு வரும். அதுக்குப் பின்னாடியே இந்த வசனமும் வரும்: “ஒண்ணும் பண்ணாதுங்க, சும்மா உள்ள வாங்க.” கேட்டுல ‘நாய்கள் ஜாக்கிரதை’ போர்டு மாட்டின அதே மனுஷன்தான் இதையும் சொல்லுவாரு. வந்தவங்க கூட மூணு வயசுக் குழந்தை, ஒரு கையில அம்மா புடவை, இன்னொரு கையில முறுக்கு. நாய் மூக்கும் அந்த முறுக்கும் ஒரே உயரத்துல. ஒண்ணும் பண்ணாதாம்!

ஐயா, அது வாயில 42 பல்லு இருக்கு. அதையாவது ஞாபகம் வெச்சுக்கோங்க.

குழந்தையை நம்பி நாய்கிட்ட விடலாமான்னு கேக்குறாங்க. சீட்டுப் பணமா கட்டுறோம், நம்பலாமா வேணாமான்னு யோசிக்க? அந்த நேரத்துல ஹால்ல உக்காந்திருக்குற பெரியவங்க கண்ணு எங்க இருக்கு, அதைக் கேளுங்க. போன்ல இருந்தா, உலகத்துலேயே சாதுவான நாயா இருந்தாலும் பதில் ‘விடக்கூடாது’தான். டீக்கடையில தெருநாயைப் பத்தி மணிக்கணக்கா சண்டை போடுறோம். சரி, போடுங்க. ஆனா வீட்டுக்குள்ள தவழுற குழந்தைக்கு எட்டுற தூரத்துல படுத்திருக்குறது தெருநாய் இல்லையே, உங்க செல்ல ஜிம்மிதானே. அதுவும் பெரியவங்களுக்குக் கையில, கால்ல விழுற கடி சின்னதுங்களுக்கு முகத்துல, கழுத்துல, தலையில விழும். அதுங்க உயரம் அவ்வளவுதான்.

அடுத்த வசனம் இதைவிடக் கடுப்பேத்தும். “நல்லாத்தாங்க இருந்துச்சு, திடீர்னு கடிச்சிடுச்சு.” திடீர்னு எல்லாம் ஒரு மண்ணும் இல்ல. பெரும்பாலான நாய் கடிக்கிறதுக்கு முன்னாடி அஞ்சாறு தடவை சொல்லிட்டுத்தான் கடிக்குது, நமக்குத்தான் படிக்கத் தெரியல. முதல்ல மூஞ்சியைத் திருப்பிக்கும். சாப்பாடே இல்லாம மூக்கை நக்கிக்கும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும். காதைப் பின்னாடி ஒட்ட வெச்சுக்கும். அப்புறம் தலையை அந்தப் பக்கம் வெச்சுக்கிட்டு கண்ணை மட்டும் குழந்தை பக்கம் உருட்டும், கண்ணோரத்துல வெள்ளை பிறை மாதிரி தெரியும். அதுக்கும் மேல போனா உடம்பு கட்டை மாதிரி விறைக்கும், திறந்திருந்த வாய் மூடிக்கும், அசைவே நின்னுடும். அப்புறம் உறுமும், பல்லைக் காட்டும். கடி அதுக்கும் அப்புறம்தான்.

இப்போ உங்க போன்ல இருக்குற அந்த ‘க்யூட்’ வீடியோவை எடுத்துப் பாருங்க. குழந்தை நாய் கழுத்தைக் கட்டிப் பிடிச்சிருக்கு, இல்லன்னா குதிரை மாதிரி மேல ஏறி உக்காந்திருக்கு. நாய் மூக்கை நக்குது, கண்ணோரம் வெள்ளை தெரியுது. பின்னாடி மாமா சிரிக்கிறாரு, அத்தை “இன்னொரு தடவை ஏறுடா கண்ணா”ங்குறாங்க. கீழ இருநூறு பேர் ஹார்ட் போட்டிருக்காங்க. கட்டிப் பிடிக்கிறது நமக்கு அன்பு. நாய்க்கு அது தப்பிக்க முடியாம மாட்டிக்கிட்ட மாதிரி.

“வாலாட்டுச்சே!”ன்னு ஒரு வாதம் வேற. இடுப்போட சேர்ந்து தளர்வா ஆடுற வால் வேற, மேல தூக்கி விறைப்பா சின்னச் சின்னதா வெட்டுற வால் வேற. ரெண்டாவது சந்தோஷம் இல்ல.

‘குரைக்கிற நாய் கடிக்காது’ன்னு எவன் சொல்லி வெச்சானோ, அவனை நிறுத்திக் கேக்கணும். ஆனா அதைவிடப் பெரிய பாவம் ஒண்ணு தினம் நடக்குது. குழந்தையைப் பார்த்து நாய் உறுமினதும் செருப்பால ஒரு அடி. நாய் என்ன கத்துக்கும்? குழந்தை மேல பாசமா வந்துடும்? உறுமினா அடி விழும், அதனால உறுமக் கூடாதுன்னு கத்துக்கும். அடுத்த தடவை நேரா பல்லுதான். கடலூர்–பாண்டி ரூட் பஸ்ல ஹாரன் வயரை அறுத்துட்டு, சத்தமே இல்லாம வந்து இடிச்சிட்டான்னு அழுவுற மாதிரி. உறுமினா குழந்தையைத் தூக்குங்க, நாய் விலகிப் போக வழி விடுங்க. எதுக்கு உறுமுச்சுன்னு அப்புறம் உக்காந்து யோசிங்க.

காரணம் பெரும்பாலும் கண்ணு முன்னாடியே இருக்கும். ஞாயித்துக்கிழமை கறி எலும்பு வெச்சிருப்பீங்க, குழந்தை தட்டு பக்கத்துல போயிருக்கும். கட்டிலுக்கு அடியில தூங்கிட்டு இருந்திருக்கும், குழந்தை தவழ்ந்து போய் காதைப் பிடிச்சிருக்கும். இந்தக் கடலோரப் புழுக்கத்துல காதுக்குள்ள சீழ் கட்டுறதும், விரலிடுக்குல உண்ணி ஏறுறதும் சாதாரணம். புண்ணான காதை இழுத்தா மனுஷனே அறைவான். வயசான லேப்ரடாருக்கு இடுப்பு மூட்டு வலி, அது மேல ஏறி உக்காந்தா எப்படி இருக்கும்? நேத்து வரைக்கும் சாதுவா இருந்த நாய் இன்னைக்குத் தொட்டதுக்கே முறைச்சா, முதல்ல கால்நடை டாக்டர்கிட்ட காட்டுங்க. புதுச்சேரிக்காரங்களுக்குக் குரும்பாப்பேட்டுல கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கு.

எந்த இன நாய் ஆபத்துங்குற சண்டையை ஒரு வரியில முடிச்சுக்கலாம். 2024 மார்ச்ல மத்திய அரசு 23 நாய் இனங்களைத் தடை பண்ணச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதுச்சு, அடுத்த மாசமே கர்நாடக உயர்நீதிமன்றம் அதை ரத்து பண்ணுச்சு. பெரிய நாய் கடிச்சா சேதம் அதிகம், அது உண்மைதான். அதுக்காக “எங்களுது பொமரேனியன்தானே”ன்னு காலை நீட்டிப் படுக்காதீங்க. கன்னத்தைக் கிழிக்க பொமரேனியன் பல்லு போதும், அந்த முடிக்குள்ள அது மூஞ்சி என்ன சொல்லுதுன்னும் சரியாத் தெரியாது.

நம்ம ஊர் வழக்கத்துல ஒரு சிக்கல் இருக்கு, அதை யாரும் பேசுறதில்ல. பிரசவம் அம்மா வீட்டுல. குழந்தை மூணாம் மாசமோ அஞ்சாம் மாசமோ புருஷன் வீட்டுக்கு வருது. அங்க இருக்குற நாய்க்கு முன்னறிவிப்பே கிடையாது. அன்னைக்குப் பார்த்து வீடு நிறைய சொந்தக்காரங்க, ஆரத்தி, கூச்சல். நாயை மாடிப்படிக்குக் கீழ சங்கிலியில கட்டிப் போட்டிருப்பாங்க. அது மிரண்டு குரைக்கும். உடனே “பொறாமைப்படுது பாரு”ன்னு ஒரு சிரிப்பு.

வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணும். நாய் படுக்குற இடத்தை மாத்துறதா இருந்தா அப்பவே மாத்துங்க. குழந்தை வந்த அன்னைக்கு வெளிய தள்ளினா, யாரால தள்ளினாங்கன்னு அதுக்குப் புரிஞ்சிடும். குழந்தை அழுற சத்தத்தைப் போன்ல மெதுவா வெச்சு, கூடவே ஒரு துண்டு கோழிக்கறி குடுங்க, நாளுக்கு நாள் சத்தத்தைக் கூட்டுங்க. குழந்தை போட்ட துணி ஒண்ணை முன்கூட்டியே கொண்டு வந்து மோந்து பாக்க விடுங்க. வர்ற அன்னைக்கு நாயை நல்லா நடத்திக் களைப்பாக்கிட்டு, முதல்ல அம்மா மட்டும் வெறுங்கையோட போய்ப் பேசணும். அதோட துள்ளல் அடங்கினதும், ஒருத்தர் நாயோட கழுத்துப் பட்டையைப் பிடிச்சுக்க, இன்னொருத்தர் குழந்தையோட ஆறடி தள்ளி உக்காரணும். நாய் அமைதியா மோப்பம் பிடிச்சா சரி. முறைச்சுப் பார்த்துக்கிட்டே விறைச்சா, அன்னைக்கு அவ்வளவுதான், நாளைக்குப் பாக்கலாம்.

தூளி விஷயம் தனி. தரையிலேருந்து ஒண்ணரை அடியில ஆடுற துணி மூட்டை, உள்ளேருந்து கீச்சுக் குரல். வேட்டை புத்தி இருக்குற நாய்க்கு அது குழந்தைன்னு யார் சொன்னது? தூளி கட்டின ரூம் கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கணும். “அடுப்புல பால் வெச்சிருக்கேன், ரெண்டு நிமிஷம்தான்” – அந்த ரெண்டு நிமிஷம்தான் பிரச்சினையே.

படுத்துக்கிட்டே இருந்த குழந்தை எட்டு மாசத்துல தவழ ஆரம்பிச்சதும் கணக்கு மறுபடி மாறுது. அதுவரைக்கும் பொறுத்துக்கிட்ட நாய்க்கு இப்போ மூஞ்சிக்கு நேரா வந்து முடியைப் பிடுங்குற ஜீவன். ஆசாரியைக் கூப்பிட்டு ஹாலுக்கும் உள்ரூமுக்கும் நடுவுல மூணடி உயரத்துக்கு ஒரு குட்டிக் கதவு போட்டா வேலை முடிஞ்சுது. கம்பி இடைவெளி ரெண்டு விரற்கடைக்கு மேல வேண்டாம், இல்லன்னா குழந்தை கை உள்ள போகும். நாய்க்குன்னு ஒரு மூலை, ஒரு சாக்கு, ஒரு தண்ணிக் கிண்ணம். அந்த மூலைக்குக் குழந்தை போகவே கூடாது. சாப்பாடு கதவுக்கு அந்தப் பக்கம், தின்னு முடிச்சதும் தட்டை எடுத்துடுங்க. தின்னும்போது தட்டுல கையை விட்டுப் ‘பழக்குறேன்’னு சொல்ற மேதாவிங்க, தட்டைப் பிடுங்க வர்றாங்கன்னுதான் நாய்க்குப் பழக்கி விடுறாங்க.

நாள் பூரா சங்கிலியில கட்டிப் போடுறது பாதுகாப்புன்னு நினைச்சா, தப்பு. கட்டின நாய் விலகிப் போக முடியாது. அதுக்கு மிச்சம் இருக்குறது பல்லு மட்டும்தான்.

தொடச் சொல்லிக் குடுக்குறதும் சுலபம்தான். நாயைக் குழந்தைகிட்ட இழுக்காதீங்க, குழந்தையை நாய்கிட்ட தள்ளாதீங்க. நாயா வந்தா, தோள்பட்டையில இல்ல நெஞ்சுல மூணு எண்ணுற வரைக்கும் தடவிட்டுக் கையை எடுக்கணும். மறுபடி ஒட்டி வந்தா இன்னொரு மூணு, மூஞ்சியைத் திருப்பினா போதும்னு அர்த்தம். அப்பவும் பெரியவங்க கை எட்டுற தூரத்துல, நடுவுல உக்காந்திருக்கணும். தீபாவளி வெடிச் சத்தத்துல கட்டிலுக்கு அடியில நடுங்குற நாயைச் ‘சமாதானப்படுத்த’க் குழந்தையை அனுப்பாதீங்க.

இவ்வளவும் மீறிக் கடிச்சிட்டா நம்ம ஜனங்க பண்ற வேலை இருக்கே! மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய்ப்பொடி. 1885 ஜூலை 6-ஆம் தேதி பாரிஸ்ல லூயி பாஸ்டர் 9 வயசுப் பையன் ஒருத்தனுக்கு வெறிநாய்க்கடி ஊசி போட்டாரு. பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர்ல இருந்துக்கிட்டு, நாம இன்னும் சமையல்கட்டு டப்பாவைத் தேடிக்கிட்டு இருக்கோம். குழாயைத் திறந்து, ஓடுற தண்ணியில சோப்புப் போட்டு முழுசா 15 நிமிஷம் கழுவுங்க, கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்க. அப்புறம் அயோடின் மருந்து. கட்டுப் போட வேண்டாம், தையல் போடலாமாங்கிறது டாக்டர் முடிவு. நேரா ஜிப்மரோ கடலூர் அரசு ஆஸ்பத்திரியோ போங்க. தோலுக்குள்ள போடுற ஊசின்னா முதல் நாள் (அதை 0-ன்னு வெச்சு எண்ணணும்), அப்புறம் 3, 7, 28-ஆம் நாள். ரத்தம் வந்த காயம்னா அதோட இம்யூனோகுளோபுலின்ங்குற, கிருமியை உடனே எதிர்க்குற ரெடிமேட் எதிர்ப்பு மருந்தைக் காயத்துக்குள்ளேயே போடணும். அதைப் போடுறாங்களான்னு கேளுங்க, கூச்சப்படாதீங்க. தொப்புளைச் சுத்திப் போடுறதெல்லாம் பழைய காலம், அந்தப் பயத்துல வீட்டுல உக்காராதீங்க.

“நம்ம நாய்க்கு ஊசி போட்டிருக்கே”ங்குறது சால்ஜாப்பு. போட்டிருந்தா நல்லது – மூணு மாசக் குட்டியில ஒண்ணு, அப்புறம் வருஷா வருஷம் – அந்த அட்டையை டாக்டர்கிட்ட காட்டுங்க, முடிவு அவருது. நாயை அடிச்சு விரட்டிடாதீங்க, கொன்னுடாதீங்க. பத்து நாள் கண்காணிக்கணும், அந்தப் பத்து நாள் முடியட்டும்னு ஊசியைத் தள்ளிப் போடவும் கூடாது. முழங்கால்ல சிராய்ச்ச இடத்தை நாய் நக்கினாலும் அது கடிக்குச் சமம்தான். நாய் நக்கினா புண்ணு ஆறும்னு சொல்ற பாட்டிங்க காதுல இதைக் கொஞ்சம் சத்தமாவே சொல்லுங்க.

அப்புறம் அந்த 28-ஆம் நாள் ஊசி. மூணு போட்டாச்சு, காயம் ஆறிடுச்சு, பரீட்சை வருது, திருவந்திபுரத்துல கல்யாணம் இருக்குன்னு நாலாவதை விட்டுடுறாங்க. காலண்டர்ல வட்டம் போடுங்க. மேல தேதி கிழிக்கிற காலண்டர்ல இல்ல, அந்தத் தாள் கிழிஞ்சு போயிடும். மாசக் காலண்டர்ல.