மலிவுப் பேனாவும் அரை மணி நேரமும்

எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் கணக்கு ஆசிரியர், போன வாரம் என் சட்டைப்பையிலிருந்த மைப்பேனாவை வாங்கி இரண்டு வரி எழுதிப் பார்த்தார். "சார், இது ரெண்டாயிரம் இருக்குமா?" என்றார். நூற்றுச் சொச்சம் என்றேன். நம்பவில்லை. அப்புறம் மூடியைத் திருப்பிப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. அதே பேனாவை அவரும் வாங்கியிருக்கிறார். தாளைக் கீறுகிறது, பாதி வார்த்தையில் மை நின்றுவிடுகிறது என்று மேசை டிராயரில் போட்டுவிட்டாராம். நாளைக்கு எடுத்துக்கொண்டு வாங்க சார் என்றேன்.

கொண்டு வந்தார். மதியச் சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்தோம். மையைக் கொட்டிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு விட்டு, நிப்பும் கழுத்தும் மூழ்கும்படி டம்ளரில் போட்டு வைத்தேன். புதுப் பேனாவுக்குள் செய்த இடத்து எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் இருக்கும். அது இருக்கிற வரை மை விட்டு விட்டுத்தான் இறங்கும். பத்து நிமிடம் கழித்துக் குழாயில் நன்றாக அலசி, துணியில் ஒற்றி, செல்போன் கேமராவில் நிப்பு நுனியைப் பெரிதாக்கிக் காட்டினேன். நிப்பின் நடுவே பிளவு இருக்கிறதல்லவா, அதன் இரண்டு பக்கமும் நுனியில் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். இவருடையதில் இடது பக்கம் ஒரு மயிரிழை கீழே இறங்கியிருந்தது. கட்டைவிரல் நகத்தை அடியில் கொடுத்து மெல்ல மேலே நெம்பினேன், விட்டேன், பார்த்தேன். மறுபடி நெம்பினேன். நாலாவது தடவை மட்டத்துக்கு வந்தது. அப்புறம் நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் தாளில், அழுத்தாமல், எட்டு என்ற எண்ணின் வடிவத்தை இருபது முப்பது தடவை போடச் சொன்னேன். அவ்வளவுதான். மணி அடிப்பதற்குள் வேலை முடிந்தது.

(சின்ன வயதில் நாங்கள் இதே வேலையைச் சிமெண்ட் தரையில் செய்தோம். பிளவுக்குள் பிளேடை வேறு விட்டு இழுப்போம். எத்தனை நிப்பைக் கொன்றிருப்போம் என்று இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.)

நான் சொல்ல வந்தது இதுதான். மலிவுப் பேனாவில் இருப்பதும் எஃகு நிப்புதான், ஐந்தாயிரம் ரூபாய்ப் பேனாக்கள் பலவற்றில் இருப்பதும் எஃகு நிப்புதான். நுனியிலிருக்கும் கடினமான உலோக மணியை எல்லாரும் இரிடியம் என்கிறோம். இன்று பெரும்பாலான பேனாக்களில் அது இரிடியமே இல்லை, வேறு உலோகக் கலவை. மை இறங்கும் விதமும் ஒன்றேதான்: நிப்புக்கு அடியில் ஒட்டியிருக்கும் கட்டையில் மயிரிழை போன்ற வாய்க்கால், அதன் வழியே மை இறங்க, அதே கட்டை வழியாகக் காற்று உள்ளே ஏற வேண்டும். விலை கூடிய பேனாவில் நாம் கூடுதலாகக் கொடுக்கும் காசில் ஒரு நல்ல பங்கு, பெட்டிக்குள் போவதற்கு முன் யாரோ ஒருவர் நிப்பைப் பார்த்துச் சரிசெய்ததற்கு. மலிவுப் பேனாவில் அந்த வேலையை நம் தலையில் விட்டிருக்கிறார்கள். அரை மணி நேர வேலை. அதைச் செய்யப் பொறுமை இல்லாதவர்கள்தான் "மலிவுப் பேனா சரிப்படாது" என்கிறார்கள்.

சரி, எதை வாங்குவது? உள்பெட்டியில் பல பேர் கேட்டுவிட்டீர்கள்.

கடையில் போய் எடுப்பதென்றால் கேம்லின். 1931-லிருந்து மை விற்கும் நிறுவனம். ஒட்டகப் படம் போட்ட மைப்புட்டியைப் பார்க்காத நம் தலைமுறை ஆள் உண்டா? ஆடம்பரம் எதுவும் கிடையாது. தொலைந்தால் மனம் பதறாது, தினமும் எழுதும் பேனாவுக்கு அதுவே பெரிய தகுதி. கொஞ்சம் கூடக் கொடுக்கலாம் என்றால் ஜப்பானின் பிளாட்டினம் பிரெப்பி. பார்த்தால் ஸ்கெட்ச் பேனா மாதிரி பிளாஸ்டிக்காக இருக்கும், அதை வைத்து எடை போடாதீர்கள். மூடிக்குள் ஸ்பிரிங் வைத்த இன்னொரு குட்டி மூடி இருக்கிறது. கோடை விடுமுறைக்கு டிராயரில் போட்டுவிட்டு ஜூனில் எடுத்தேன், முதல் எழுத்திலேயே எழுதியது. சீனத்து ஜின்ஹாவ் பேனாக்கள் பார்வைக்குக் கம்பீரமாக, கனமாக இருக்கும். நாற்பது நோட்டு திருத்துகிற கைக்குக் கனம் ஆகாது என்பது என் அனுபவம். கல்யாணப் பரிசுக்குக் கொடுங்கள்.

சீனத்து ஹீரோ 616 பேனாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அடிக்க வருவீர்கள். பர்மா பஜாரில் வாங்கியது என்று சொல்லி மாமா கொடுத்த ஹீரோவில்தான் நான் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினேன். நிப்பு முழுக்க உள்ளே மறைந்து மூக்கு மட்டும் எட்டிப் பார்க்கும் அந்த உருவம், 1941-இல் வந்த பார்க்கர் 51-ஐப் பார்த்துச் செய்தது. நிப்பு மூடியே இருப்பதால் சீக்கிரம் காயாது, மெல்லிசாக எழுதும். ஆனால் இன்று ஹீரோ என்ற பெயரில் விற்பதெல்லாம் ஹீரோ இல்லை. ஓர் இணையக் கடையில் மூன்று வாங்கி, மூன்றும் போலி என்று தெரிந்து, திருப்பி அனுப்பவும் முடியாமல் வைத்திருக்கிறேன். அதனால் கையில் வாங்கி எழுதிப் பார்க்க முடிகிற இடத்தில் மட்டும் ஹீரோ வாங்குங்கள்.

எழுதிப் பார்ப்பது என்றதும் ஒன்று. கடையில் எல்லாரும் கையெழுத்துப் போட்டுப் பார்க்கிறார்கள். கையெழுத்து நம் கைக்குப் பழகிய ஓட்டம், நிப்பின் குறை அதில் தெரியாது. நான் எழுதுவது ஞாயிறு, கண்ணன், வாழைப்பழம். தமிழ் எழுத்து எல்லாப் பக்கமும் சுழிப்பது. நிப்பின் ஒரு மூலை தூக்கியிருந்தால் ஞ போடும்போது எங்காவது மாட்டிக்கொள்ளும். ண-வின் சுழிகள் மையில் அடைத்துக்கொண்டால் நிப்பு உங்கள் கைக்குத் தடிமன். பிரெப்பியில் நிப்பின் தடிமனுக்கு 02, 03, 05 என்று எண் போட்டிருப்பார்கள். பொடியாகத் தமிழ் எழுதுபவர்கள் 03 எடுங்கள். 05 கையெழுத்துப் போட நன்றாக இருக்கும்.

ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக உடம்புக்குள்ளேயே மை ஊற்றும் பழைய வகையும் இன்னும் கிடைக்கிறது. அதில்தான் எனக்கு ஆசை அதிகம், அடி வாங்கியதும் அதில்தான். உள்ளே மை கால்வாசிக்குக் கீழே இறங்கியதும் மீதி இடமெல்லாம் காற்று. கைச்சூடு பட்டு அந்தக் காற்று விரிந்தால் மையை வெளியே தள்ளிவிடும். ஒரு மே மாதம், பேருந்தில், விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போகும் வழியில், வெள்ளைச் சட்டை. மீதியை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். பாதியானதும் நிரப்பிவிட வேண்டும் என்பதை அந்தச் சட்டை எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

கைவேலைப் பேனா ஆசை வந்தால் தூரம் போக வேண்டாம். சென்னையின் கேமா, திருவள்ளூரின் ரங்கா, கொஞ்சம் வடக்கே ராஜமுந்திரியில் 1932-லிருந்து ரத்னம் என்று எபோனைட் எனும் கெட்டி ரப்பரில் கடைந்து செய்கிறவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஆனால் அது இந்தப் பதிவின் கணக்கில் வராது. அந்தப் பேனா வந்தபின் அதைப் பள்ளிக்கு எடுத்துப் போக உங்களுக்கு மனசு வராது, எனக்கு வரவில்லை.

மை விஷயத்தில் எனக்குக் குழப்பமே இல்லை. பிரில், இல்லாவிட்டால் கேமல். அறுபது மில்லி புட்டி ஒன்று, ஒரு தடவைக்கு இரண்டரை மில்லி பிடிக்கும் ஃபில்லர் பேனாவில் இருபத்துநாலு தடவை ஊற்ற வரும். ரீஃபில் கணக்கோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். ராயல் ப்ளூ தண்ணீர் பட்டால் கரைந்து போகும், பதிவேட்டில் அதை வைத்து எழுதாதீர்கள். படம் வரைகிற இந்தியன் இங்க்கை மட்டும் தெரியாமல்கூட ஊற்றிவிடாதீர்கள். அதில் அரக்கு மாதிரிப் பசை உண்டு, காய்ந்தால் பேனாவைத் தூக்கிப் போட வேண்டியதுதான். நிறம் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் மாதம் ஒரு தடவை வெறும் தண்ணீரில் கழுவுங்கள்.

பேனாவைத் திட்டுகிறவர்களில் பாதிப் பேர் திட்ட வேண்டியது தாளை. சாதாரணக் கடை நோட்டில் எந்தப் பேனாவால் எழுதினாலும் மை வேர்விட்டுப் பரவும், பின்பக்கம் தெரியும். பிள்ளைகள் நோட்டில் சிவப்பு மையால் டிக் போட்டால் அடுத்த பக்கத்துக்கும் சேர்த்து மதிப்பெண் போட்ட மாதிரி ஆகிறது. பாடக்குறிப்புக்கு நான் கரும்புச் சக்கையில் செய்யும் நம்மூர் டிஎன்பிஎல் (தமிழ்நாடு காகித ஆலை) எண்பது ஜிஎஸ்எம் தாளை வாங்கி, அச்சகத்தில் கொடுத்துத் தைத்து வைத்துக்கொள்கிறேன். என் கைக்கும் என் மைக்கும் அதில் பரவல் குறைவு.

கணக்கு சார் நேற்று முழுக்க அந்தப் பேனாவில்தான் எழுதினார். சாயங்காலம் கிளம்பும்போது கட்டைவிரலிலும் நடுவிரலிலும் நீலம். "சோப்பு போட்டாலும் போகலை சார்" என்று காட்டிவிட்டு, சிவப்பு மைக்குத் தனியாக இன்னொரு பேனா வாங்க வேண்டுமா, இதையே கழுவிக் கழுவி மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். தனியாக வாங்குங்க சார் என்றேன். வாங்கியதும் டம்ளரையும் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.