சென்னையில் அரிது, பாட்னாவில் அப்படியில்லை

பித்தப்பைப் புற்றுநோய் இந்தியாவில் அரிது என்று கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள், சென்னைக்கு அது சரி, பாட்னாவில் போய்ச் சொல்லிப் பாருங்கள். உத்தரப் பிரதேசம், பீகார், அசாம் என்று கங்கை, பிரம்மபுத்திரா ஓரமாகத்தான் அது குவிந்து கிடக்கிறது, அதிலும் பெண்களுக்கே அதிகம். பித்தக்கல்தான் காரணம் என்பார்கள். கல் தெற்கிலும் வருகிறதே? அதனால்தான் நிலத்தடி நீரில் ஆர்சனிக் என்ற நச்சுப்பொருள், கடுகெண்ணெயில் கலப்படம் என்றெல்லாம் சந்தேகப்பட்டு ஆராய்கிறார்கள், முடிவாக எதுவும் நிரூபணமாகவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்) 1981-ல் தொடங்கிய புற்றுநோய்ப் பதிவேட்டை ஊர் வாரியாகப் பார்த்திருந்தாலே இது தெரிந்திருக்கும். இப்படி இடத்துக்கு இடம் மாறுவது இந்தப் புற்றுநோய் மட்டுமில்லை, நாகாலாந்தைப் பாருங்கள். மூக்குக்குப் பின்னால் தொண்டையில் வரும் புற்றுநோய் மற்ற பெரும்பாலான மாநிலங்களில் அபூர்வம், அங்கே ஆண்களிடம் சகஜமாகப் பார்க்கும் நோய்.