"இது பழைய விரிசல்தானே சார்?"

சுரங்க ரயில் வேலை நடக்கும் தெருவில் யாராவது சுவர் விரிசலைக் காட்டினால், அநேகமாக இந்தப் பதில்தான் வரும். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அதை நிரூபிக்கும் வேலை வீட்டுக்காரர் தலையில் விழுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மெஷின் அதிர்வில்தான் வீடு விரிசல் விடுகிறது என்று பலரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அதைவிடப் பெரிய காரணம் மண் இழப்பு. இயந்திரம் குடையும் துளை, உள்ளே பொருத்தும் கான்கிரீட் வளையத்தைவிடக் கொஞ்சம் பெரியது. இடைவெளியில் உடனே சிமென்ட் கலவையைச் செலுத்தினாலும், சுற்றியுள்ள மண் சிறிதாவது உள்ளே நெருங்கிவிடும். களிமண்ணில் 15 மீட்டர் ஆழம், 6 மீட்டர் விட்டம், தோண்டும் அளவில் மண் இழப்பு 1 சதவீதம் என்று கணக்குப் போட்டால், நேர் மேலே தரை ஏறக்குறைய 15 மில்லிமீட்டர் இறங்கும்.

இவ்வளவுதானா என்று தோன்றும். வீடு முழுக்கச் சீராக இறங்கினால் குடியிருப்பவருக்குத் தெரியக்கூடச் செய்யாது. ஒரு மூலை இறங்கி மறு மூலை நின்றுவிட்டால்தான் வம்பு. தரை ஆழமில்லாத தொட்டி போலக் குழிகிறது. அதன் விளிம்பில் நிற்கும் செங்கல் கட்டடம் முதுகு வளைந்து, மேல்பக்கம் இழுபடும். அப்போது வரும் விரிசல் மேலே அகலமாகவும் கீழே வர வர ஒடுங்கியும் இருக்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும். நேற்றுவரை லேசாகச் சாத்திய கதவு நிலையில் உரசும்.

தண்ணீர் சேர்ந்தால் கதையே வேறு. 2019 ஆகஸ்ட் கடைசியில் கொல்கத்தாவின் பவ்பஜாரில் சுரங்க இயந்திரம் நீர்தாங்கும் அடுக்கில் இடித்தது. தண்ணீரோடு மண்ணும் உள்ளே கொட்ட, மேலே வீடுகள் சரிந்தன. 2009 மார்ச் 3 அன்று ஜெர்மனியின் கொலோன் நகரில், ரயில் பாதைக்குத் தோண்டிய குழியின் பக்கத்தில் நகர ஆவணக் காப்பகமே இடிந்து விழுந்தது. பக்கத்துக் கட்டடத்தில் இருந்த இருவர் இறந்தார்கள். குழியின் தடுப்புச் சுவரில் இருந்த குறைதான் காரணம் என்றார்கள் நீதிமன்றம் நியமித்த நிபுணர்கள்.

சுரங்கமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1990களில் லண்டனில் பிக் பென் கோபுரத்துக்குப் பக்கத்திலேயே ஆழமான ரயில் நிலையம் தோண்டினார்கள். கோபுரத்தின் சாய்வை அளந்துகொண்டே, அடியில் சிமென்ட் கலவையைச் செலுத்தி அடக்கினார்கள். சாதாரண வீட்டுச் சுவர்களிலும் ஒளியைத் திருப்பி அனுப்பும் சின்னச் சின்ன கண்ணாடிப் பிரிசங்களைப் பதித்து, சுவர் நகர்கிறதா என்று அளக்கத்தான் செய்கிறார்கள். அந்த ரீடிங்கை வீட்டுக்காரருக்குக் காட்டினால் என்ன குறைந்துவிடும்? வேலைக்கு முன் எடுத்த போட்டோக்களில் ஒரு பிரதி கொடுத்தால்?

அதுவரை நம் பங்குக்கு ஒன்று செய்யலாம். விரிசலின் நுனியில் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி, ஒரு ஸ்கேலை வைத்துப் போட்டோ எடுங்கள். ஒரு மாதம் கழித்து நுனி கோட்டைத் தாண்டியிருந்தால், இரண்டு போட்டோவையும் சேர்த்து எழுத்தில் புகார் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.