புதுப் பாலத்துக்கு என்ன வயசு?

(லக்சம்பர்க் நகரம். டிராம் நிறுத்தம்.)

பயணி: பாட்டி, புதுப் பாலம் எங்கே இருக்கிறது?

பாட்டி: இதோ, கண்ணுக்கு முன்னால்.

பயணி: இதுவா? கல்லால் கட்டியிருக்கிறதே!

பாட்டி: ஆமாம், 1903-இல் திறந்தார்கள்.

பயணி: நான் கேட்டது புதுப் பாலம்.

பாட்டி: நான் காட்டியதும் அதுதான். ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் 24 வளைவோடு ஒன்று நிற்கிறது பார், 1861-இல் முடித்தது. அது பழைய பாலம். அதற்கப்புறம் வந்ததால் இது புதுசு.

(பயணி போனைத் தடவுகிறார். நம்மிடம் வழி கேட்டுவிட்டுப் பதிலைப் போனிடம் சரிபார்ப்பவர்கள் முதலில் அதனிடமே கேட்டுத் தொலைக்கலாம்.)

பயணி: இதில் அடால்ஃப் பாலம் என்று போட்டிருக்கிறது.

பாட்டி: அப்போது நாட்டை ஆண்ட கிராண்ட் டியூக்கின் பேர். மேப்புக்கு அது அடால்ஃப், எங்களுக்குப் புதுப் பாலம்.

பயணி: சிவப்பாக ஒன்று இருக்கிறதாமே, 1966-இல் திறந்தது?

பாட்டி: அது சிவப்புப் பாலம்.

பயணி: 1966 என்றால் இதைவிடப் புதுசுதானே?

பாட்டி: புதுசுதான். ஆனால் புதுப் பாலம் இல்லை.

பயணி: சரி, ஆறு எங்கே?

பாட்டி: கீழே எட்டிப் பார்.

பயணி: வாய்க்கால்தான் தெரிகிறது.

பாட்டி: அதுதான் பெத்ரூஸ் ஆறு.

பயணி: இதைத் தாண்ட 42 மீட்டர் உயரத்தில் பாலமா? நான் குதித்தே தாண்டிவிடுவேனே!

பாட்டி: தாராளமாகத் தாண்டு. முதலில் 42 மீட்டர் இறங்கு, தாண்டு, மறுபடி 42 மீட்டர் ஏறு. பாலம் கட்டியது ஆற்றுக்காக இல்லை தம்பி, பள்ளத்துக்காக. இது கோட்டை ஊர். ரயிலை உள்ளே விடாமல் எதிர் மேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து ஊருக்குள் வரப் பள்ளத்தைத் தாண்ட வேண்டாமா?

பயணி: ஓ... வளைவு மட்டும் நல்ல பெரிசு.

பாட்டி: ஏறக்குறைய 85 மீட்டர். கட்டிய காலத்தில் உலகத்திலேயே பெரிய கல் வளைவு. செஜூர்னே என்ற பிரெஞ்சுப் பொறியாளரின் கைவரிசை. ஒரே வளைவு என்று நினைக்காதே, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. நடுவில் சந்து, அதை மூடி மேலே கான்கிரீட். அந்தச் சந்துக்குள் இப்போது சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் ஒரு பாதையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள், 2017-இல்.

பயணி: ஆ! அப்போ அதுதான் புதுப் பாலம்!

பாட்டி: (பெருமூச்சு) அது புதுப் பாலத்துக்குக் கீழே இருக்கிற பாதை. ஆமாம், உன் போன் வாங்கி எத்தனை வருஷம்?

பயணி: இரண்டு. ரொம்பப் பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும்.

பாட்டி: இரண்டு வருஷத்தைப் பழசு என்கிறவனிடம் நான் இவ்வளவு நேரம் பேசியிருக்கக் கூடாது. அதோ டிராம், ஏறு. சிவப்புப் பாலத்துக்கே கொண்டுபோய் விடும்.

பயணி: டிக்கெட் எங்கே வாங்குவது?

பாட்டி: வேண்டாம். 2020-இலிருந்து இலவசம்.

பயணி: இலவசமா? எதற்கும் போனில் ஒரு தடவை பார்த்துவிடுகிறேனே...

(பார்த்து முடிப்பதற்குள் டிராம் போய்விடுகிறது. போன் அடிக்கிறது.)

பயணி: சொல்லும்மா... ஆமாம், நன்றாக விசாரித்துவிட்டேன். பழைய பாலம்தான் இரண்டு இருக்கிறது. புதுசு இன்னும் கட்டவே இல்லையாம்.