அஞ்சரைப் பதிப்பும் எங்கள் ஞாயிற்றுக்கிழமை மேசையும்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் புது விதிப்புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கை வாங்கலாமா வேண்டாமா என்று இந்த வாரம் மட்டும் மூன்று பேர் இன்பாக்ஸில் கேட்டுவிட்டார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதுவதற்குப் பதில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தெரியாத நண்பர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஒருவர் கதையை நடத்துவார், அவர் டிஎம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் இறங்குவார்கள். நினைத்தது நடக்குமா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். 1974ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் சேர்ந்து உருவாக்கியது, முதலில் அச்சடித்தது வெறும் ஆயிரம் பெட்டிகள். இப்போது விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் கையில் இருக்கிறது, அந்தக் கம்பெனியை 1999ல் ஹாஸ்ப்ரோ வாங்கியது. ஐந்தாம் பதிப்பு வந்தது 2014ல். அதையே திருத்தி, ஆட்டத்தின் ஐம்பதாவது ஆண்டான 2024 செப்டம்பரில் புது பிளேயர்ஸ் ஹேண்ட்புக், நவம்பரில் டிஎம்முக்கான புத்தகம், 2025 பிப்ரவரியில் அரக்கர்களின் விவரம் சொல்லும் மான்ஸ்டர் மேனுவல் என்று வரிசையாக விட்டார்கள். இது புதுப் பதிப்பு இல்லை, அதே ஐந்தாம் பதிப்புதான் என்பது கம்பெனியின் பேச்சு. ரசிகர்கள் யாரும் அதைக் கேட்கவில்லை, உலகம் முழுக்க ஐந்தரை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் மேசையில் அது அஞ்சரை ஆகி, புத்தகமே "அஞ்சரைப் பெட்டி" ஆகிவிட்டது. யோசித்தால் பொருத்தமான பேர்தான், எல்லாம் அதே பழைய சரக்கு, அளவுதான் மாறியிருக்கிறது.

முதலில் எனக்குப் பிடித்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குழுவில் ஒரு நண்பன் ஆரம்பத்திலிருந்தே ஃபைட்டர்தான், அதாவது ஆயுதம் ஏந்திய வீரன்தான் ஆடுவான். அவன் முறை வந்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். "அடிக்கிறேன்" என்பான், பகடையை உருட்டுவான், எதிரிக்கு எத்தனை ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப்புள்ளி போச்சு என்று சொல்வான், அவ்வளவுதான், அடுத்த ஆள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் விஸார்ட், அதாவது மந்திரவாதி ஆடுகிறவன், கையில் இரண்டு பக்கத்துக்கு மந்திரம் வைத்துக்கொண்டு எதைப் போடலாம் என்று ஐந்து நிமிஷம் யோசிப்பான். இவன் பொறுமையாகக் காத்திருப்பான். ஒருநாளும் குறை சொன்னதில்லை, ஆனால் அவன் முகத்தைப் பார்த்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கும். டிஎம்மாக நான் என்ன செய்தாலும் புத்தகத்தில் அவனுக்கு அவ்வளவுதான் இருந்தது.

புதுப் புத்தகத்தில் ஒவ்வொரு ஆயுதத்துக்கும் மாஸ்டரி என்று ஒரு தனித் திறன் கொடுத்திருக்கிறார்கள். கிரேட்ஸ்வோர்ட் குறி தவறினாலும் கொஞ்சம் காயம் போகும், லாங்போ பட்டால் எதிரியின் வேகம் குறையும், வார்ஹேமர் பட்டால் எதிரியைப் பத்து அடி தள்ளலாம். புது விதியில் நாங்கள் ஆடிய இரண்டாவது வாரம், மலை விளிம்பில் ஓகர் என்ற ஒரு அரக்கனோடு சண்டை. இவன் வார்ஹேமரால் அடித்தான், பட்டது. வழக்கம்போல எண்ணைச் சொல்லிவிட்டு நிறுத்தியவன் திடீரென்று தன் பாத்திரத்தின் விவரத் தாளான ஷீட்டைக் கையில் எடுத்து விரல் வைத்து மெதுவாகப் படித்தான். "பத்து அடி பின்னால் தள்ளுகிறேன்." படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "அவனுக்குப் பின்னால் என்ன இருக்கு?" என்று கேட்டான். நான் வரைபடத்தைப் பார்த்தேன், விளிம்புக்கு அப்பால் வெறும் வெள்ளைத் தாள். "ஒன்றும் இல்லை" என்றேன். மேசையில் அப்படி ஒரு சத்தம்! அவன் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டான். இத்தனை வருஷத்தில் அவன் முறை முடிந்து மற்றவர்கள் கைதட்டியது அன்றைக்குத்தான். இந்த ஒரு மாற்றத்துக்காகவே நான் இந்தப் புத்தகத்தின் பக்கம் நிற்பேன், யார் என்ன சொன்னாலும்.

டிஎம் வேலை பார்க்கிறவர்களுக்கு இன்னொரு பெரிய நிம்மதி உண்டு. பழைய விதியில் விலங்குகளை வரவழைக்கும் மந்திரம் ஒன்றைப் போட்டால் எட்டு ஓநாய் வந்து நிற்கும். எட்டுக்கும் தனித்தனி ஹிட் பாயிண்ட், எட்டுக்கும் தனித்தனிப் பகடை. ஒருவருடைய முறை முடிவதற்குள் மற்றவர்கள் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்துவிடலாம். இப்போது அது ஓநாய்க் கூட்டத்தின் ஆவி மாதிரி ஒரே உருவமாக வருகிறது, பக்கத்தில் போகிறவனைக் கடிக்கிறது, சண்டை நகர்கிறது. காயம் ஆற்றும் கியூர் வூண்ட்ஸ் முன்பு எட்டு முகப் பகடை ஒன்று, இப்போது இரண்டு. சண்டைக்கு நடுவில் பூசாரிப் பாத்திரமான கிளெரிக் அதைப் போடுவதில் ஒரு அர்த்தம் வந்திருக்கிறது. வெறுங்கையால் சண்டை போடும் துறவிப் பாத்திரமான மான்க்கையும் நன்றாகத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள், அது பத்து வருஷம் காத்திருந்த நியாயம்.

சரி, இனி குறைகள். டாப்பிள் என்று ஒரு மாஸ்டரி, பேட்டில்ஆக்ஸுக்கு உண்டு. அடி பட்டதும் எதிரி சேவிங் த்ரோ, அதாவது தப்பிக்க ஒரு பகடை போட வேண்டும், தோற்றால் கீழே விழுவான். படிக்க நன்றாக இருக்கிறது, ஆடும்போது ஒவ்வொரு அடிக்கும் ஒரு பகடை கூடுதல். ஐந்தாம் லெவல் ஃபைட்டருக்கு ஒரு முறைக்கு இரண்டு அடி, எதிரே ஆறு பேர், எண்ணிப் பாருங்கள். ஓநாய்களில் மிச்சம் பிடித்த நேரம் இங்கே போய்விடுகிறது. காட்டு வேட்டைக்காரப் பாத்திரமான ரேஞ்சர் விஷயம் இன்னும் மோசம். அந்தப் பாத்திரத்தையே ஹன்டர்ஸ் மார்க் என்ற ஒற்றை மந்திரத்தைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். இருபதாவது லெவல் வரை, வருஷக்கணக்கில் ஆடி ஏறிப்போனால் கிடைக்கும் பரிசு என்ன தெரியுமா? அந்த மந்திரத்தின் ஆறு முகப் பகடை பத்து முகப் பகடை ஆகும். ரேஞ்சரை நேசிக்கிறவர்கள் கோபப்பட்டது முழுக்க நியாயம்.

அப்புறம் பின்னணி. பாத்திரத்தின் வலிமை, அறிவு இதெல்லாம் எதில் கூடும் என்பதை முன்பு இனம் தீர்மானித்தது. குள்ளர் என்றால் இப்படித்தான், எல்ஃப் என்றால் இப்படித்தான். அதை எடுத்தது சரி, நான் முழு மனதோடு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைக் கொண்டுபோய் இளமையில் செய்த தொழிலில் கட்டிவிட்டார்கள். சிப்பாயாக இருந்தவனுக்கு உடல் சார்ந்த மூன்று குணங்களில்தான் கூடும். போரில் மனம் உடைந்து வாளைக் கீழே போட்டுவிட்டு மந்திரம் கற்க வந்த ஒரு பழைய சிப்பாயை ஆட வேண்டும் என்று எங்கள் விஸார்ட் ஆசைப்பட்டான். எவ்வளவு அழகான கதை! புத்தகப்படி அந்தப் பின்னணியால் அவனுக்கு அறிவில் ஒரு புள்ளிகூட ஏறாது. ஒரு கட்டை எடுத்து இன்னொரு கட்டுப் போட்டதற்கு இதுதான் உதாரணம். எங்கள் மேசையில் அந்த விதியை முதல் நாளே தூக்கிவிட்டோம், யார் எதில் வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம்.

ஆனால் நாம் சண்டை போட்டுக்கொள்வது உண்மையில் இந்தப் புள்ளிகளுக்காக இல்லை என்பது என் எண்ணம். பிடிக்காத விதியை மாற்றிக்கொள்ள ஐந்து நிமிஷம் போதும். கம்பெனி மேல் இந்தச் சந்தேகம் எல்லாம் 2023 ஜனவரியில் ஆரம்பித்தது. 2000ஆம் ஆண்டிலிருந்து ஓஜிஎல் என்று ஒரு திறந்த உரிமம் இருந்தது. இந்த விதிகளை வைத்து யார் வேண்டுமானாலும் கதை எழுதி விற்கலாம், அதை நம்பிப் பிழைத்த சின்னச் சின்னப் பதிப்பகங்கள் எத்தனையோ. அந்த உரிமத்தை ரத்து செய்து, 750,000 டாலருக்கு மேல் வருமானம் பார்ப்பவர்களிடம் அந்த மேல்தொகையில் 20, 25 சதவீதம் கேட்கும் ஒரு வரைவு வெளியே கசிந்தது. ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். கம்பெனியின் இணையதளமான டிஅண்ட்டி பியாண்ட் சந்தாவைக் கூட்டம் கூட்டமாக ரத்து செய்தார்கள். கம்பெனியே நடத்திய கருத்துக்கணிப்பில் 15,000க்கு மேல் ஆட்கள் பதில் எழுதினார்கள், பத்தில் ஒன்பது பேர் பழைய உரிமத்தைத் தொடாதே என்றார்கள். அந்த மாதம் முடிவதற்குள் கம்பெனி இறங்கிவந்து அடிப்படை விதிகளை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுத்தது, அதை இனி அவர்களே நினைத்தாலும் திரும்ப வாங்க முடியாது. பெரிய வெற்றிதான். ஆனால் ஒருவர் மேல் ஒருமுறை நம்பிக்கை விட்டுப்போனால் அப்புறம் அவர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நம் கண் அவர் பையைத்தானே பார்க்கும்?

2024 ஆகஸ்டில், புதுப் புத்தகம் வர இன்னும் ஒரு மாதம்கூட இல்லாதபோது, அடுத்தது. டிஅண்ட்டி பியாண்டில் ஷீட் வைத்திருப்பவர்களுக்கு பழைய மந்திரங்கள் எல்லாம் தானாகப் புது வடிவத்துக்கு மாறிவிடும், பழையது வேண்டும் என்றால் நீங்களே திரும்ப எழுதி ஏற்றிக்கொள்ளுங்கள் என்று அறிவித்தார்கள். பணம் கொடுத்து வாங்கியவர்கள் அவர்கள்! சில நாளிலேயே எதிர்ப்பு தாங்காமல் அதையும் வாபஸ் வாங்கினார்கள். எங்கள் ஷீட்டெல்லாம் பென்சிலில் எழுதிய தாள், அதனால் எங்களைத் தொடவில்லை. ஆனாலும் அன்று ராத்திரி அலமாரியிலிருந்த பழைய பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கை எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா புரட்டினேன். முதுகு பிரிந்து டேப் ஒட்டியது, மந்திரப் பக்கங்களில் டீக்கறை. 2014ல் அச்சடித்தபோது கியூர் வூண்ட்ஸுக்கு ஒரு பகடை என்று இருந்தது, இன்னும் நூறு வருஷம் கழித்துத் திறந்தாலும் ஒரு பகடைதான் இருக்கும். யாரும் தூரத்திலிருந்து அதை மாற்ற முடியாது.

அதனால் என் நிலை இதுதான். விதிகளை நம்புகிறேன், கம்பெனியை நம்பவில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் சொன்னால் நிறையப் பேருக்குக் கோபம் வருகிறது. புதுசைப் புகழ்ந்தால் கம்பெனிக்கு ஜால்ரா என்கிறார்கள், சந்தேகத்தைச் சொன்னால் பழசைப் பிடித்துத் தொங்குகிற கிழடு என்கிறார்கள். இரண்டு பக்கமும் கொஞ்சம் நிதானிக்கலாம். 2008ல் நான்காம் பதிப்பு வந்தபோதும் இதே சண்டைதான், பிடிக்காதவர்கள் பழைய விதிகளை வைத்தே அடுத்த வருஷம் வந்த பாத்ஃபைண்டர் பக்கம் போனார்கள், அதுவும் அருமையான ஆட்டமாக வளர்ந்தது. போனவர்கள் யாரும் இந்த ஆட்டத்தை வெறுத்துப் போகவில்லை. சந்தேகப்படுகிறவர்களை நான் பார்த்தவரை, அவர்கள்தான் அதிக வருஷம் ஆடியவர்கள், அதிகப் புத்தகம் வாங்கியவர்கள், புதிதாக வருகிறவனுக்குத் தன் பகடையைக் கடன் கொடுக்கிறவர்கள். 1974ல் வந்த அந்த முதல் சின்னப் புத்தகங்களின் கடைசியில் என்ன எழுதியிருந்தது என்று பாருங்கள். உங்களுக்குப் பிடித்த மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள், உங்களுக்குப் பதிலாக நாங்கள் ஏன் கற்பனை செய்ய வேண்டும் என்கிற பொருளில் இருக்கும். அதை எழுதியவர்களே ஆட்டத்தை நம் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள்.

சரி, கேட்ட மூன்று பேருக்கும் நேரடியாக. நீங்கள் டிஎம் என்றால் வாங்குங்கள், அச்சுப் புத்தகமாக வாங்குங்கள், அட்டை விலை 50 டாலர், நம் ஊருக்கு வந்து சேரும்போது பர்ஸ் கனக்கும், அதனால் குழுவுக்கு ஒன்று போதும். ஆடுகிறவர் மட்டும் என்றால் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. 2025 ஏப்ரலில் புது விதிகளின் அடிப்படைத் தொகுப்பையும் கிரியேட்டிவ் காமன்ஸில் போட்டுவிட்டார்கள், ஃபைட்டர், விஸார்ட் மாதிரியான பன்னிரண்டு கிளாஸும் (பாத்திர வகை) இருக்கிறது, இறக்கிக்கொண்டு காசில்லாமல் சட்டப்படி ஆடலாம். பழைய புத்தகம் வைத்துச் சந்தோஷமாக ஆடிக்கொண்டிருக்கிறீர்களா, அப்படியே ஆடுங்கள், உங்கள் சாகசம் எதுவும் காலாவதி ஆகிவிடவில்லை.

எங்கள் குழுவிலேயே ஒருவன் 2023க்கு அப்புறம் அந்தக் கம்பெனிக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கமாட்டேன் என்று உறுதியாக இருக்கிறான். ரேஞ்சர் ஆடுபவன்தான். அவன் 2014 ஷீட்டோடு வந்து உட்காருகிறான், மற்றவர்கள் 2024 ஷீட்டோடு. ஏதாவது இடித்தால் எந்த விதி என்று அந்த இடத்திலேயே பேசி முடிவு செய்கிறோம், பெரும்பாலும் அவனுக்கு எது நல்லதோ அது. இத்தனை மாதத்தில் ஒருமுறைகூட ஆட்டம் அதனால் நிற்கவில்லை.

ஓகர் விழுந்த அந்தப் பள்ளத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று வரும் ஞாயிறு பார்க்கப் போகிறார்கள். மாலை 4 மணிக்கு ஆரம்பம், மேசையில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. இதுவரை ஆடியே பார்க்காதவர்களும் வரலாம், முன்னால் சொல்லிவிட்டு வாருங்கள், பகடை நான் தருகிறேன்.